அருங்காட்சியகத்தில் ஒரு செய்கூடம்: 10 வயது தாண்டிய பிள்ளைகளுக்காக அமைப்பது எப்படி?

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய கடிகாரம். பின்பக்கம் திறந்து, பல்சக்கரங்கள் தெரியும்படி வைத்திருக்கிறார்கள். 11 வயதுப் பிள்ளை ஒன்று வந்து நிற்கும், ஐந்து நொடி பார்க்கும், அடுத்த பெட்டிக்குப் போய்விடும். அதே பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அட்டையில் இரண்டு பல்சக்கரம் வெட்டி, அவை கவ்வாமல் நழுவி நழுவி எரிச்சல்பட்ட பிறகு அந்தக் கடிகாரத்திடம் திரும்பி வரட்டும். மூக்கு கண்ணாடியில் ஒட்டிவிடும். "பல் இவ்வளவு சின்னதா இருக்கே, எப்படி வெட்டினாங்க?" என்று கேட்கும்.

அந்தக் கேள்வி பிறக்கும் இடம்தான் மேக்கர்ஸ்பேஸ்: கருவிகளைக் கையில் எடுத்து, பிள்ளைகள் தாங்களே செய்துபார்க்கும் அறை. நான் அதைச் செய்கூடம் என்று சொல்கிறேன். பள்ளியிலும் நூலகத்திலும்கூட இப்படி ஓர் அறையை அமைக்கலாம். அருங்காட்சியகத்தில் மட்டும் ஒரு கூடுதல் பலம் உண்டு: பிள்ளை திணறுகிற அதே சிக்கலை என்றோ ஒருவர் தீர்த்துவிட்டார், அந்தத் தீர்வு பக்கத்து அறையிலேயே இருக்கிறது. இந்த இணைப்பை விட்டுவிட்டால், எவ்வளவு செலவு செய்தாலும் கிடைப்பது ஒரு கைவேலை வகுப்புதான். கீழே வருகிற எல்லாப் படிகளும் அந்த இணைப்பைக் காப்பாற்றத்தான்.

முதல் படி: யாருக்கு என்று முடிவு செய்யுங்கள்

"எல்லா வயதினருக்கும்" என்று பலகை வைக்காதீர்கள். 10 முதல் 15 வரை என்று கோடு போடுங்கள். 5 வயதுக் குழந்தை பக்கத்தில் கத்தரித்து ஒட்டிக்கொண்டிருக்கும் மேசையில் 13 வயதுப் பிள்ளை உட்காராது. உட்கார்ந்தாலும், "இது சின்னப் பசங்க வேலை" என்று மனதுக்குள் முடிவு கட்டிவிடும். இந்த வயதுப் பிள்ளைகள் பொய்யை உடனே மோப்பம் பிடித்துவிடுவார்கள். பிளாஸ்டிக் சுத்தியல் ஒரு பொய். எப்படிச் செய்தாலும் ஒரே மாதிரி வரும் ரெடிமேட் கிட் இன்னொரு பொய்.

நேரத்தையும் இரண்டு விதமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்கு ஒரே ஒரு முறை வருபவர்களுக்கு, 30 அல்லது 40 நிமிடத்தில் ஏதோ ஓர் இடத்தைத் தொடக்கூடிய வேலை வேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை, 2 மணி நேரம், 6 முதல் 8 வாரம், 10 அல்லது 12 பேர் கொண்ட ஒரு குழு. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் உயிர். போன வாரம் உடைந்ததை இந்த வாரம் வந்து சரிசெய்வதில்தான் பெரிய பிள்ளைகளுக்கு ருசி தட்டுகிறது.

பெற்றோரை என்ன செய்வது? பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நிற்க விடாதீர்கள். அவர்களுக்கும் ஒரு நாற்காலி, ஓர் அட்டை, ஒரு கத்தரிக்கோல் கொடுத்து, "நீங்க உங்களுக்கு ஒண்ணு செய்யுங்க" என்று உட்கார வையுங்கள். பத்து நிமிடத்தில் தங்கள் வேலையில் மூழ்கிவிடுவார்கள்.

இரண்டாம் படி: சேகரிப்பிலிருந்து ஒரே ஒரு பொருள்

கருவி வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். காட்சிக்கூடங்களைச் சுற்றி வந்து, ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். அது அழகாக இருக்க வேண்டியதில்லை. "இது எப்படி வேலை செய்கிறது?" என்று கேட்க வைக்க வேண்டும், அதன் அடிப்படையை அட்டை, நூல், கம்பி, பேட்டரி போன்றவற்றில் செய்துபார்க்க முடிய வேண்டும்.

ஊசல் கடிகாரம் இருந்தால் அங்கேயே தொடங்கலாம். 1656-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் வடிவமைத்த கடிகாரத்தின் இதயம், ஒரு நூலில் தொங்கும் எடைதான். 1 மீட்டர் நூலில் ஒரு நட்டைக் கட்டி ஆட்டினால், போய்த் திரும்ப ஏறக்குறைய 2 நொடி. நூலை 25 சென்டிமீட்டராக்கினால் 1 நொடி. பாதி நேரம் வேண்டுமென்றால் நூலைப் பாதியாக்கினால் போதும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளும் முதலில் நினைப்பார்கள். கால் பங்காக்க வேண்டும் என்று அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். எடையைக் கூட்டியும் பார்ப்பார்கள், ஒன்றும் மாறாது. அந்த முகங்களைப் பார்க்கவே செய்கூடம் வைக்கலாம்.

தந்திக் கருவி இருந்தால் இரண்டு மேசைக்கு நடுவே வயர் இழுத்து, ஒரு பக்கம் அமுக்கும் சாவி, மறுபக்கம் பஸ்ஸர். மோர்ஸ் 1844-இல் வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு அனுப்பியதும் அடிப்படையில் இதுதான். தறி இருந்தால் அட்டைத் தறி. அப்புறம் 1804-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஜாக்கார்ட் துளையிட்ட அட்டைகளால் தறிக்குக் கட்டளை கொடுத்த கதைக்குப் போகலாம். பழைய கேமரா இருந்தால், பெட்டியில் ஒரு துளையும் எதிர்ப்பக்கம் ஒரு டிரேசிங் தாளும் போதும், உலகம் தலைகீழாக விழும்.

மூன்றாம் படி: இடம்

சான் ஃபிரான்சிஸ்கோவின் எக்ஸ்ப்ளோரடோரியத்தை 1969-இல் தொடங்கிய இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், காட்சிப் பொருள்களைச் செய்யும் பட்டறையை ஒளித்து வைக்கவில்லை. பார்வையாளர்கள் கண்ணெதிரே வெட்டலும் பற்றவைத்தலும் நடந்தன. இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். செய்கூடத்துக்குக் கண்ணாடிச் சுவரோ அகலமான வாசலோ வேண்டும். அடித்தளத்தில் மிச்சம் கிடந்த அறையைக் கொடுத்தால், வேறு இடம் கேட்டுப் போராடுங்கள்.

மேசைகள் நின்று வேலை செய்கிற உயரத்தில், சுமார் 90 சென்டிமீட்டர். ரம்பம் இழுக்கவும் சுத்தியல் அடிக்கவும் நின்றால்தான் கைக்கு பலம். ஒரு மேசையாவது 75 சென்டிமீட்டரில் இருக்கட்டும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கும், உயரம் குறைந்த பிள்ளைக்கும் அது தேவை. மேசைகளுக்கு நடுவே இரண்டு பேர் முதுகு உரசாமல் போக இடம் விடுங்கள். மின்சாரம் சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ வரட்டும், தரையில் வயர் ஓடக்கூடாது. கை கழுவத் தொட்டி அவசியம்.

கருவிகளைப் பலகையில் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் உருவத்தையும் பின்னால் வரைந்துவிடுங்கள். மூடும் நேரத்தில் காலியாக இருக்கும் உருவமே எது காணவில்லை என்று சொல்லிவிடும். கத்தி விஷயத்தில் இது பெரிய நிம்மதி.

பலரும் மறக்கிற ஒன்று, முடியாத வேலைகளை வைக்கும் அலமாரி. பெயர் எழுதிய தட்டுகள், அடுத்த வாரம் வரை யாரும் தொடாத இடம். இது இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் அன்றைக்கே முடிகிற சின்ன வேலையைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

அருங்காட்சியகத்துக்கே உரிய இரண்டு சிக்கல்களை, வேலை தொடங்கும் முன் சேகரிப்பைப் பராமரிக்கும் வல்லுநரிடம் உட்கார்ந்து பேசுங்கள். ஒன்று, தூசியும் புகையும். மரத்தூள் காற்றில் போய் அரிய பொருள்கள் மேல் படியக்கூடாது. பற்றவைக்கும் புகையில் தீ எச்சரிக்கை மணி அடிக்கவும் கூடும். இன்னொன்று, பூச்சி. கடைகளிலிருந்து இலவசமாகக் கிடைக்கும் அட்டைப்பெட்டிகளோடு ராமபாணப் பூச்சியும் கரப்பானும் உள்ளே வரும். பழைய துணியையும் புத்தகத்தையும் அரிக்க அவை போதும். பழைய அட்டையைச் சேகரிப்புக் கிடங்கு வழியாகக் கொண்டுவராதீர்கள், பிரித்து உதறிப் பார்த்த பிறகே உள்ளே விடுங்கள், மூடியுள்ள தொட்டியில் வையுங்கள். இந்தப் பேச்சை முதலிலேயே முடித்துவிட்டால் அந்த வல்லுநர் உங்கள் பக்கம் நிற்பார். பின்னால் முடிக்க நினைத்தால் எதிர்ப்பக்கம் நிற்பார்.

நான்காம் படி: கருவிகள், வாங்க வேண்டிய வரிசையில்

முப்பரிமாண அச்சு இயந்திரத்தை முதலில் வாங்காதீர்கள். கட்டைவிரல் அளவுப் பொருளுக்கே அரை மணி, ஒரு மணி நேரம் பிடிக்கும். ஒரு நேரத்தில் ஒருவர் வேலைதான் ஓடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். திறப்பு விழாவில் எடுப்பாக இருக்கும்தான். ஆனால் 12 பிள்ளைகளின் 24 கைகளுக்கு அது வேலை கொடுக்காது.

முதலில் கைக்கருவிகள். அட்டை வெட்டும் கத்தி, உலோக அடிக்கோல், வெட்டுப் பாய். இடதுகைப் பிள்ளைகளுக்கான கத்தரிக்கோல் இரண்டு மூன்று கட்டாயம். சிறு ரம்பம் வாங்கும்போது, இழுக்கும்போது வெட்டும் ஜப்பானிய வகையைத் தேடுங்கள். தகடு மெல்லியது, தள்ளினால் மடங்குகிற தொந்தரவு இல்லை, பிள்ளைகளின் கைக்கு எளிது. அப்புறம் கையால் சுற்றும் டிரில், 250 கிராம் அளவில் சுத்தியல், திருப்புளிகள், குறடு, உப்புத்தாள். மரத்தை மேசையோடு இறுக்கிப் பிடிக்கும் சி-கிளாம்பும் பெஞ்ச் வைஸும் தாராளமாக வாங்குங்கள். மரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுக்கும்போதுதான் விரல் வெட்டுப்படுகிறது. கிளாம்ப் இருந்தால் இரண்டு கையும் ரம்பத்தில் இருக்கும்.

குளூ கன் இரண்டு வகை உண்டு. குறைந்த வெப்பத்தில் உருக்குவது சுமார் 120 டிகிரி செல்சியஸ், அதிக வெப்ப வகை 190 வரை போகும். குறைந்த வெப்ப வகை போதும், அதுவும் சுடும் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். வயர்களைப் பற்றவைக்கும் சால்டரிங் இரும்பின் நுனி 350 டிகிரி அளவில் இருக்கும். அதை இரண்டாம் மாதத்தில் அறிமுகப்படுத்துங்கள், ஈயம் கலக்காத கம்பி மட்டும், காற்றோட்டமான மூலையில்.

லேசர் வெட்டு இயந்திரம் பிறகு வரலாம். வந்தால் இரண்டு விதி: ஓடும்போது ஒரு பெரியவர் அதை விட்டு நகரக்கூடாது, பிவிசி பிளாஸ்டிக்கை ஒருபோதும் உள்ளே வைக்கக்கூடாது. பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும். அது நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரித்துவிடும்.

மின்சுற்று வேலைக்கு நாணய வடிவ செல்லைத்தான் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள். நான் வேண்டாம் என்பேன். அதை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயை அரிக்கத் தொடங்கும். உங்கள் கூடத்துக்கு வருபவர் 12 வயதுப் பிள்ளையாக இருக்கலாம், அது பையில் போட்டுக்கொண்டு போகும் வீட்டில் இரண்டு வயதுத் தம்பி இருப்பான். இரண்டு ஏஏ செல் வையுங்கள், அதே 3 வோல்ட். நாணய செல் தன் உள்தடையால் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்தும், ஏஏ செல் அந்த அளவுக்குச் செய்யாது. அதனால் சிவப்பு எல்இடியோடு 100 ஓம் மின்தடை ஒன்று சேருங்கள். எல்இடிக்கு 2 வோல்ட் போக மிச்சம் 1 வோல்ட், அதை 100-ஆல் வகுத்தால் 10 மில்லி ஆம்பியர். பள்ளிக்கூடக் கணக்கு, கையில் வெளிச்சமாக எரிகிறது.

பிரித்துப் பார்ப்பதற்கென்று ஒரு மேசை வையுங்கள். கொலராடோவின் பகோசா ஸ்பிரிங்ஸில் பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில், ஓப்பன்ஹைமர் மாணவர்களை ஊர்க் குப்பைமேட்டுக்கு அழைத்துப்போய், கிடைத்த பாகங்களை வைத்து இயற்பியல் நடத்தினார். உங்கள் மேசையில் பழைய கீபோர்டு, கேசட் பிளேயர், இங்க்ஜெட் பிரின்டர், ஓடாத சாவிக் கடிகாரம் இருக்கட்டும். மின்வயர் உள்ளவற்றில் வயரை நீங்களே வெட்டியெறிந்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சி, மைக்ரோவேவ் அவன், ஃபிளாஷ் உள்ள கேமரா இந்த மூன்றும் வாசலைத் தாண்டி வரக்கூடாது. இணைப்பைப் பிடுங்கிய பிறகும் அவற்றின் மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஐந்தாம் படி: ஒரு முழு அமர்வு எப்படிப் போகும்

சேகரிப்பில் சாவி கொடுத்தால் ஆடும் ஒரு பழைய இயந்திர பொம்மை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரம், பிள்ளைகள் அட்டையில் ஓர் அசையும் பொம்மை செய்யப் போகிறார்கள்.

முதல் 10 நிமிடம் காட்சிக்கூடத்தில். விளக்கம் சொல்லாதீர்கள். "இதில் எது எதைத் தள்ளுகிறது?" என்று மட்டும் கேட்டு, தாளில் வரையச் சொல்லுங்கள். அடுத்த 10 நிமிடம் மேசையில் மாதிரிகளைத் தொட்டுப் பார்ப்பது. கச்சிதமாக முடித்த ஒரு மாதிரியை வைத்தால் பன்னிரண்டு நகல்கள் பிறக்கும். அரைகுறையாக, வெவ்வேறு விதமாக ஆடும் மூன்றை வையுங்கள்: ஒன்று மேலும் கீழும் போகும், ஒன்று சுழலும், ஒன்று மெல்ல ஏறிச் சட்டென்று விழும்.

பிறகு 70 நிமிடம் வேலை. ஒரு பக்கம் திறந்த அட்டைப் பெட்டி, குறுக்கே ஒரு மூங்கில் குச்சி, அதில் கோர்த்த வட்டத் தட்டு, அந்தத் தட்டின் மேல் உட்கார்ந்து பெட்டியின் மேல்பக்கம் வழியாக வெளியே வரும் இன்னொரு குச்சி. குறுக்குக் குச்சியைச் சுற்றினால் மேல் குச்சி ஆடும். தட்டின் நடுவில் துளை போட்டால் ஒன்றுமே நடக்காது. நடுவிலிருந்து 1 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டால் பொம்மை 2 சென்டிமீட்டர் ஏறி இறங்கும். தட்டை நத்தை ஓடு வடிவில் வெட்டினால் மெல்ல ஏறித் தொப்பென்று விழும். எதிர்த்திசையில் சுற்றினால் சிக்கி நின்றுவிடும். மேல் குச்சியின் அடியிலும் ஒரு வட்டத் தட்டை ஒட்டி, அதன் ஓரம் கீழ்த் தட்டின் மேல் உட்காரும்படி வைத்தால், ஏறுவதோடு சுழலவும் செய்யும். இவற்றில் ஒன்றைக்கூட முன்கூட்டிச் சொல்லாதீர்கள்.

எங்கே சிக்குவார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குச்சி மட்டும் சுற்றும், தட்டு நிற்கும்: தட்டின் இருபுறமும் பசை வேண்டும், அல்லது தட்டை இரண்டு அடுக்காக்க வேண்டும். மேல் குச்சி சாய்ந்து மாட்டும்: துளைக்குள் ஒரு ஸ்ட்ரா துண்டைச் சொருகினால் நேராக வழுக்கும். பெட்டி கோணிக்கொள்ளும்: மூலையில் முக்கோணத் துண்டுகள். நெளி அட்டை நெளிவுக் கோடுகளுக்கு இணையாக எளிதில் மடங்கும், அவற்றுக்குக் குறுக்கே மடக்கினால் விறைப்பாக நிற்கும். திசை பார்க்காமல் வெட்டிய பிள்ளை, தன் பெட்டி தொய்வதற்குக் காரணம் தேடி அதைக் கண்டுபிடிக்கும்.

70 நிமிடம் முடிந்ததும், முடிந்தாலும் முடியாவிட்டாலும், 15 நிமிடம் மறுபடி அந்தப் பழைய பொம்மைக்கு முன்னால். இதைத் தவறவிடவே கூடாது. தொடக்கத்தில் வரைந்த படத்தை இப்போது திருத்தச் சொல்லுங்கள். இரண்டு படங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய பலன். கடைசி 15 நிமிடம் சுத்தம் செய்ய. அதைப் பிள்ளைகளே செய்ய வேண்டும்.

ஆறாம் படி: பெரியவர்களின் கைகள்

செய்கூடம் கெட்டுப்போவது பெரும்பாலும் நல்ல மனசுக்காரர்களால்தான். பிள்ளை திணறுவதைப் பார்க்கப் பொறுக்காமல், "குடு, நான் காட்டுறேன்" என்று வாங்கிவிடுவார்கள். அந்த நொடியில் அது பிள்ளையின் பொருளாக இல்லாமல் போகிறது. வழிகாட்டிகளுக்கு ஒரே பயிற்சி: கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசப் பழகுவது. எதையாவது செய்துகாட்ட வேண்டுமென்றால் தனித் துண்டு அட்டையில் காட்டுங்கள், பிள்ளையின் வேலையைத் தொடாதீர்கள்.

என்ன பேசுவது? "என்ன நடக்கணும்னு நெனச்ச? என்ன நடந்துச்சு?" இந்த இரண்டு கேள்வியே பாதி சிக்கலைத் தீர்க்கும். "ரொம்ப அழகா இருக்கு" என்று சொல்வதைவிட "நாலாவது துளைதான் சரியா வந்திருக்கு போல" என்று சொன்னால், நீங்கள் உண்மையிலேயே பார்த்தீர்கள் என்று அதற்குத் தெரியும். சில நேரம் பிள்ளைக்கு வேண்டியது பதில்தான். அரை மணி நேரமாகச் சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நின்று கண் கலங்கும் பிள்ளையிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "இதுல நான் இப்படிச் செய்வேன்" என்று நேராகச் சொல்லிக் கொடுங்கள்.

ஒரு விஷயத்தைக் கவனித்துத் தடுக்க வேண்டியிருக்கும். பையனும் பெண்ணும் ஜோடியாக வேலை செய்தால், டிரில் பையன் கைக்கும் வண்ணம் தீட்டும் வேலை பெண் கைக்கும் தானாகப் போய்ச் சேர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. ஆளுக்கு ஒரு கருவி, ஆளுக்கு ஒரு பெட்டி கொடுத்துவிட்டால் இது பெரும்பாலும் நின்றுவிடும்.

கத்தியும் ரம்பமும் இருக்கும் நாளில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர். சால்டரிங் என்றால் மூன்று பேருக்கு ஒருவர். வழிகாட்டிகள் ஒவ்வொரு வேலையையும் தாங்களே ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை செய்து, ஒருமுறையாவது சொதப்பியிருக்க வேண்டும்.

ஏழாம் படி: பாதுகாப்பு

சுவர் நிறைய விதிகள் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். முடியைக் கட்டு, மூடிய செருப்பு போடு, அறுக்கும்போதும் துளைக்கும்போதும் கண்ணாடி போடு. போதும். அதற்கு மேல் கருவிக்கு ஓர் அனுமதி அட்டை: பிள்ளை அந்தக் கருவியை எப்படிப் பிடிப்பது, எங்கே கை வைக்கக்கூடாது என்று உங்களுக்குச் செய்து காட்ட வேண்டும், அப்புறம் அட்டையில் கையெழுத்து. 12 வயதில் "ரம்பம்: அனுமதி உண்டு" என்று எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிவதில் இருக்கும் பெருமையே பாதிக் கவனத்தைக் கொண்டுவந்துவிடும்.

சூடுபட்டால் ஓடும் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம். சால்டரிங் முடிந்ததும் கை கழுவல். முதலுதவிப் பெட்டி எங்கே என்று பிள்ளைகளுக்கும் தெரியட்டும்.

எட்டாம் படி: செய்ததை எங்கே வைப்பது

வீட்டுக்கு எடுத்துப் போகட்டும். ஆனால் குழுவில் வருபவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள்: ஓடாமல் போன முயற்சிகளில் ஒன்றை விட்டுச் செல்ல. அந்த நத்தை வடிவத் தட்டு, நழுவிய பல்சக்கரம், கோணிய பெட்டி இவற்றைப் பழைய பொம்மைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பெட்டியில் காட்சிக்கு வையுங்கள், எங்கே தவறியது என்று பிள்ளை எழுதிய ஒரு வரியோடு. கணினியைப் பிள்ளைகளின் செய்கருவியாக்கிய சீமோர் பேப்பர்ட், தான் சமன்பாடுகளைப் புரிந்துகொண்டதே சிறுவயதில் விளையாடிய பல்சக்கரங்களை மனதில் வைத்துத்தான் என்று எழுதியிருக்கிறார். பார்வையாளர்களுக்கும் அப்படி ஒரு பிடி வேண்டும். வல்லுநர் எழுதிய விளக்கப் பலகையைவிட அந்த ஒரு வரியின் முன்னால்தான் மற்றப் பிள்ளைகள் அதிக நேரம் நிற்பார்கள்.

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொருளை மாற்றுங்கள். வருகைப் பதிவேட்டில் தலைகளை எண்ணுவதோடு, நேரம் முடிந்தும் கிளம்பாமல் நின்றவர்கள் எத்தனை பேர், போன வாரத் தட்டைத் தேடி வந்தவர்கள் எத்தனை பேர், செய்கூடத்திலிருந்து காட்சிக்கூடத்துக்குத் தாங்களாகவே ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் எத்தனை பேர் என்றும் எழுதி வையுங்கள். மூன்றாவது எண் சுழியமாகவே இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுத்த பொருள் சரியில்லை. இரண்டாம் படிக்குத் திரும்பி, இன்னொரு முறை கூடங்களைச் சுற்றி வாருங்கள். இந்த முறை ஒரு 12 வயதுப் பிள்ளையைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள், அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.